பதினேழு திறப்பு

ஆள் எடுக்கிற அண்டைக்கு
கதிரைக்குக் கீழே ஒரு ஐந்நூறு ரூபாத் தாளை
விழுந்த மாதிரிப் போட்டு வை
எண்டு சொன்னவர் என்ர மச்சான்,
வவுனியாவில் லொட்ஜ் நடத்துறவர்.
கூட்டேக்க எடுத்துத் தந்தால்
ஆள் சரியாம்.

கொக்குவிலில் எங்கட முன்னறைதான் ஒஃபீஸ்.
சுவரில் பதினெட்டு ஆணி,
பதினெட்டு வீட்டுத் திறப்பு.
பாதிப்பேர் ஸ்காபரோவில்.
வருசத்தில் மூண்டு கிழமை வெளிச்சம் எரியிற வீடுகள்,
மிச்ச நாளெல்லாம் பல்லிக்கும் தூசிக்கும்,
எங்களுக்கும்.

யதுர்சிகா வந்த அண்டைக்கும் தாள் கிடந்தது.
குனிஞ்சு பாத்தாள். தொடேல்லை.
கோயில் வீதியில் படுத்திருக்கிற நாயை விட்டுட்டுக்
கூட்டுற மாதிரி
அதைச் சுத்திக் கூட்டினாள்.
பிறகு நிமிர்ந்து,
“அக்கா, உங்கட காசு
வைச்ச இடத்திலேயே கிடக்கு” எண்டாள்.
முகம் சுட்டது எனக்கு.

பழக்கினன்.
முதலில் ஃபான், பிறகு யன்னல், நிலம் கடைசி.
மாபிளுக்கு அசிட் காட்டாதை.
சாமியறைக்குள்ள கேட்டுட்டுக் கால் வை.
பூட்டிக் கிடந்த வீட்டில் பைப்பைத் திறந்தால்
முதல் வாளி துருப்பிடிச்சு வரும்,
பயப்பிடாமல் ஓட விடு.
செத்தவையின்ர படம் துடைக்கேக்க
சட்டத்தில் தொடங்கு, முகத்தில் தொடங்காதை.

கடைசி, நான் சொன்னதில்லை.
அவளாக் கண்டு எனக்குச் சொன்னது.

றெஜீபன் ருமேனியா போனான்.
கலியாணம் எண்டு நிண்ட ஸ்ரெல்லாவை
சுப்பர்மாக்கெற் கவுண்டரில் கண்டன்,
கழுத்தில் அட்டை, தலைக்கு மேலே ஏசி,
மூவாயிரம் கூடச் சம்பளம்.
என்னைக் கண்டதும்
என்ர பருப்பை ரெண்டு தரம் ஸ்கான் பண்ணினாள்.
நானும் நாலாயிரம் கூட்டினன், ஈ.பி.எஃப் கட்டினன்,
மாதத்தில் ரெண்டு நாள்
காரணம் கேளாமல் லீவு.
அதுக்குப் பிறகும் ஒருத்தி போனாள்.
அழுகை வரேல்லை, கணக்குத்தான் வந்தது:
பழக்கின ரெண்டு மாதம்,
அவள் உடைச்ச கண்ணாடி விளக்கு,
இனி ஆர் இருக்கினம் எண்ட யோசினையில்
போன நித்திரை.

கந்தர்மடத்து வீட்டுக்கு
மாதம் முப்பத்தையாயிரம்.
ஒரு நாள் பில் குடுக்கப் போறன்,
கொளுத்துற வெயிலில் யதுர்சிகா எதிர வாறாள்,
பெற்றோல் செற் பக்கமிருந்து.
எங்கயடி போட்டு வாறாய்?
ஒண்டுமில்லையக்கா.

ஒண்டுமில்லை எண்டது எட்டு மாதம்.
அந்த வீட்டுக் கக்கூசை அவள் கழுவலாம்,
போகக் கூடாது.
தேத்தண்ணிக்கு ஒரு பிளாஸ்ரிக் கோப்பை,
கிணத்தடித் தூணில் கொழுவி இருக்கு.
“பிள்ளை எந்த இடம்?”
ஊரைச் சொன்னால் காணாது,
“அதில எந்தப் பக்கம்?”

அடுத்த நாள் திறப்பைக் கழட்டிக்கொண்டு போய்
அந்த அம்மான்ர கையில் குடுத்தன்.
ஏன் எண்டு கேட்டா.
ஆள் காணாது அம்மா எண்டன்.

ஆள் காணாது.
அவ்வளவுதான் வந்தது என்ர வாயில்.
கேற்றடியில் சைக்கிளைப் பிடிச்சபடி
யதுர்சிகா கேட்டுக்கொண்டு நிண்டாள்.

தையில் அவளும் போனாள்.
மானிப்பாயில் தனியத் தொடங்கி,
என்ர ரெண்டு வீட்டையும் கொண்டு போனாள்.
கோவம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை.
போன கிழமை அவளின்ர நோட்டீஸ்
என்ர கேற்றிலயே செருகிக் கிடந்தது.
விலை, தொலைபேசி நம்பர்,
கீழே தடிச்ச எழுத்தில்:
*எங்கட ஆக்கள் உங்கட கழிவறையைப் பாவிப்பினம்.
சம்மதமெண்டால் மட்டும் கூப்பிடுங்கோ.*

ரெண்டு நாள் அதை மேசையில் வைச்சிருந்தன்.
பிறகு ஃபோன் எடுத்து,
அந்த வரியை நானும் போடவோ எண்டு கேட்டன்.
“போடுங்கோ அக்கா,
எழுத்துப் பெரிசா இருக்கட்டும்.”

நாளைக்கு எட்டரைக்கு
நெடுந்தீவிலிருந்து ஒரு பிள்ளை வாறா.
அண்டைக்குப் பட்ட வெக்கத்துக்குப் பிறகும்
நாலு பேருக்கு அந்தத் தாளைப் போட்டனான்.
இண்டைக்குக் குனிஞ்சு
கதிரைக்குக் கீழே பாத்தன்.
நல்ல தூசி.
நானே கூட்டினன்.